ரீஜென் லைட் அடிக்கடி எரியுது, மைலேஜும் போச்சு: பிஎஸ்6 லாரிக்காரர்கள் கொஞ்சம் வாங்க

முதுநகர் டாரஸ்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஒரு பத்துச் சக்கர வண்டி, பிஎஸ்6 புகை விதிப்படி வந்த 2021 மாடல். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சிப்காட்டில் ஏற்றினால் மணலி, அம்பத்தூர், சில நேரம் ராணிப்பேட்டை. திரும்பும்போது கிடைத்த லோடு.

லோடோடு லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 3.6-ல் நிற்கிறது. அதே சமயத்தில்தான் ரீஜென் தொல்லையும் கூடியது, அதாவது புகைக்குழாய் ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும் வேலை. முன்பெல்லாம் மணலி போய்த் திரும்புவதற்குள் ஒரு தடவை வரும், சில நடையில் அதுவும் வராது. இப்போது புதுச்சேரி தாண்டித் திண்டிவனத்தை ஒட்டி ஒன்று, மணலியில் இறக்குவதற்குள் இன்னொன்று. ஓடும்போதே முடிந்தால் சரி. பல நேரம் லைட் கண் சிமிட்டி ஓரம் கட்டச் சொல்கிறது. அரை மணி, முக்கால் மணி நின்ற இடத்திலேயே இன்ஜின் கத்துகிறது.

டிரைவர் சொல்வது: "ரீஜென்தான் டீசலைக் குடிக்குது. அந்த ஃபில்டரை எடுத்துட்டா பழைய மைலேஜ் வந்துடும்." ஒரு பட்டறையிலும் அதையே சொன்னார்கள். உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் புரோகிராம் மாற்றித் தருவார்களாம். வேறொரு இடத்தில் ஃபில்டரையே புதிதாகப் போடச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

என் கேள்வி ஒன்றுதான். ஒரு ரீஜெனுக்கு உண்மையில் எவ்வளவு டீசல் போகும்? மைலேஜ் இவ்வளவு இறங்க அது மட்டும் போதுமா?

—

பழைய வண்டி பிரியர்:

பிஎஸ்3 வண்டியில் இந்தத் தலைவலி உண்டா? சாவி போட்டோமா, கிளப்பினோமா, போனோமா. இப்போது லாரி ஓட்ட லைசென்ஸ் போதாது, டிப்ளமோ வேண்டும்.

—

மேட்டுப்பாளையம் ஸ்டாண்ட்:

புதுச்சேரி லாரி டெர்மினலில் தினமும் இதே புலம்பல்தான். என் சந்தேகம் யூரியா. விலை குறைவு என்று கேனில் கண்ட யூரியாவை ஊற்றினால் ஃபில்டர் அடைக்கத்தானே செய்யும்? அண்ணே, யூரியா எங்கே வாங்குகிறீர்கள்?

—

சேதராப்பட்டு பட்டறை:

யூரியாவை விடுங்கள் தம்பி. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசலுக்கு டெஃப் என்று பெயர், ஃபில்டருக்கு டிபிஎஃப். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் வழியை வரிசையாகப் பாருங்கள். டர்போ தாண்டியதும் முதலில் டிஓசி, புகையை வேதிமாற்றம் செய்யும் கேட்டலிஸ்ட். அதற்கு அடுத்து டிபிஎஃப், அதாவது கரி பிடிக்கும் ஃபில்டர். அதையும் தாண்டிய பிறகுதான் யூரியா தெளிக்கும் இன்ஜெக்டர், கடைசியில் எஸ்சிஆர், அந்த யூரியாவை வைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் பகுதி. மட்டமான யூரியா ஊற்றினால் இன்ஜெக்டர் முனையில் வெள்ளையாக உப்புப் பிடிக்கும், எஸ்சிஆர் கெடும், வண்டி இழுவை குறையும். ஆனால் அது ஃபில்டருக்குப் பின்னால் நடக்கும் கதை. பின்னால் ஊற்றியது முன்னால் போய்க் கரியாகாது. யூரியா 32.5 சதவீதக் கரைசல்தானா, சீல் போட்ட கேன்தானா என்று பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

டிபிஎஃப் உள்ளே என்ன இருக்கிறது என்று பலர் பார்த்ததே இல்லை. பீங்கான் தேன்கூடு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குழாய்கள், ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைத்திருக்கும். உள்ளே வந்த புகை நேராக வெளியே போக வழியில்லை, சுவரில் இருக்கும் நுண்துளை வழியாகப் பக்கத்துக் குழாய்க்குப் போக வேண்டும். புகை போய்விடும், கரி சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரி சேரச் சேர மூச்சு முட்டும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். அதையும், வண்டி ஓடிய விதத்தை வைத்துப் போடும் கணக்கையும் சேர்த்து, "நிரம்பிவிட்டது, எரித்துவிடலாம்" என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அந்த எரிப்புதான் ரீஜென்.

டாரஸ் அண்ணே, மூன்று விஷயம் சொல்லுங்கள். கடைசியாக என்ன ஆயில் போட்டார்கள்? ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள்? மேடு ஏறும்போது முன்பு இருந்த இழுவை இருக்கிறதா?

—

பாலிடெக்னிக் ஆட்டோ பிரிவு:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கரி எரிவது இரண்டு விதம்.

நல்ல லோடு ஏற்றி, பைபாஸில் நின்று நிதானமாக ஓடினால் புகையின் சூடு 300, 350 டிகிரிக்குப் போகும். டிஓசி அங்கே நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டைஆக்சைடாக மாற்றித் தரும். இந்த வாயு 250-லிருந்து 400 டிகிரிச் சூட்டிலேயே கரியை மெல்ல அரித்துவிடும். லைட் எரியாது, சத்தம் வராது, டிரைவருக்கே தெரியாது. கூடுதல் டீசலும் கிட்டத்தட்டச் செலவே இல்லை.

அது போதாதபோது இரண்டாவது வழி. வெறும் ஆக்சிஜனில் கரி எரிய 550, 600 டிகிரி வேண்டும். டீசல் இன்ஜின் சும்மா ஓடினால் அந்தச் சூடு வராது. அதனால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் டீசலைப் புகையோடு அனுப்பி, டிஓசியில் எரிய வைத்துச் சூட்டை ஏற்றுகிறது. சில வண்டியில் இதற்குத் தனி இன்ஜெக்டர் புகைக்குழாயிலேயே இருக்கும். சில வண்டியில் சிலிண்டருக்குள்ளேயே பவர் ஸ்ட்ரோக் முடிகிற நேரத்தில் பிந்தித் தெளிக்கும். இந்த டீசல் வண்டியை ஒரு அடி கூட நகர்த்தாது. உங்கள் டிரைவர் சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இது மட்டும்தான்.

நிறுத்தி வைத்துச் செய்யும் ரீஜெனுக்கு வண்டியைப் பொறுத்து இரண்டு, மூன்று லிட்டர் போகும். ஓட்டத்தில் நடந்தால் அதைவிடக் குறைவு, ஏனென்றால் புகை ஏற்கெனவே சூடாக இருக்கும்.

—

கணக்குப்பிள்ளை:

அந்த இரண்டு மூன்று லிட்டருக்காகத்தான் காத்திருந்தேன். இப்போது பென்சில் எடுக்கலாம்.

டாரஸ் அண்ணன் மாதம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைப்போம். 4.2 மைலேஜில் 1,429 லிட்டர். 3.6-ல் 1,667 லிட்டர். காணாமல் போனது 238 லிட்டர்.

இப்போது 120 கிலோமீட்டருக்கு ஒரு ரீஜென் என்றால் மாதம் 50. முன்பு 500 கிலோமீட்டருக்கு ஒன்று, அதாவது மாதம் 12. கூடுதலாக நடப்பது 38 ரீஜென். தாராளமாக ஒன்றுக்கு 3 லிட்டர் போட்டாலும் 114 லிட்டர். 2 லிட்டர் என்றால் 76.

பாக்கி 124 லிட்டர் எங்கே? ரீஜெனுக்கு எவ்வளவு கறாராகக் கணக்குப் போட்டாலும் தொலைந்த டீசலில் பாதி கூடத் தேறவில்லை. வண்டியில் வேறு ஏதோ ஒன்று டீசலையும் தின்கிறது, கரியையும் கக்குகிறது. கரி கூடுவதால் ரீஜென் கூடுகிறது. ஃபில்டரை உடைத்து எடுத்தாலும் அந்தக் கோளாறு வண்டியில்தான் இருக்கும், அந்த 124 லிட்டரும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே என் கேள்வி "ஒரு ரீஜெனுக்கு எவ்வளவு டீசல்" என்பதல்ல. ஒரு ரீஜெனுக்கும் அடுத்த ரீஜெனுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர்? அந்த எண்ணை டிரிப் ஷீட்டில் தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். மைலேஜ் கணக்கு பொய் சொல்லும். இந்த எண் லேசில் பொய் சொல்லாது.

—

மேட்டுப்பாளையம் ஸ்டாண்ட்:

மைலேஜ் எப்படிப் பொய் சொல்லும் சார்? டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல் போட்டால் கரெக்டாகத்தானே வரும்?

—

கணக்குப்பிள்ளை:

நம்ம ஊரில் வராது. தமிழ்நாட்டைவிட புதுச்சேரியில் டீசல் விலை குறைவு. அதனால் முள்ளோடை பக்கம் வந்ததும் டிரைவர் கழுத்து வரைக்கும் ஊற்றுவார், வண்டியை ஆட்டி நுரை அடங்கவிட்டு இன்னொரு தடவையும் ஊற்றுவார். அடுத்த தடவை திண்டிவனத்தில் அவசரத்துக்கு நிரப்பும்போது நாசில் கட் ஆனதோடு நிறுத்திவிடுவார். பங்க் தரை சாய்வாக இருந்தால் அதற்கொரு வித்தியாசம். பெரிய டேங்கில் இதெல்லாம் சேர்ந்து பத்து லிட்டர் முன்னே பின்னே வரும். ஒரு தடவை நிரப்பி 400 கிலோமீட்டர் ஓடினால், அந்தப் பத்து லிட்டரே மைலேஜை 4.2-லிருந்து 3.8-க்கு இறக்கிக் காட்டும். இதற்கு நடுவில் ஒரு ரீஜென் விழுந்ததா இல்லையா என்பது வேறு. அதனால் ஒரு நிரப்பலை வைத்து டிரைவரைத் திட்டாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், நான்கைந்து நிரப்பலைக் கூட்டிப் பாருங்கள்.

—

நெய்வேலி சாம்பல் வண்டி:

நான் டிரைவர். ஓனர் இல்லை. அதனால் டிரைவர் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் ஓட்டுவது அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் நடை. மந்தாரக்குப்பத்தில் ஏற்றி வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கம் கல் சூளைகளில் இறக்குவோம். எல்லாம் சின்ன நடை. ஏற்றும் இடத்தில் வரிசை, இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்போம். வண்டி சூடேறுவதற்குள் இறக்கும் இடம் வந்துவிடும். எங்கள் ஷெட்டில் ரீஜென் வராத நாளே கிடையாது.

லைட் எரியும், ரீஜென் ஆரம்பிக்கும், பத்து நிமிடத்தில் சூப்பர்வைசர் கத்துவார், "வண்டியை எடு, வண்டியை எடு." எடுத்துவிடுவோம். அல்லது சூளை வாசலில் போய் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். மறுபடி கிளப்பினால் மறுபடி லைட். சில பேர் ரீஜென் நிறுத்தும் ஸ்விட்சை அழுத்திவிட்டு மறந்தே போவார்கள். அப்புறம் ஒரு நாள் வண்டி முப்பது, நாற்பதுக்கு மேல் போகாது. ஓனர் வந்து எங்களைத் திட்டுவார். யார் பேரில் தப்பு?

—

பாலிடெக்னிக் ஆட்டோ பிரிவு:

நடுவில் அணைப்பதுதான் இருப்பதிலேயே அதிக டீசல் வீணாகும் வழி. ரீஜெனில் டீசலில் பெரும்பகுதி போவது புகையையும் இரும்பையும் பீங்கானையும் சூடேற்றத்தான். அந்தச் சூடு ஏறி முடித்து, கரி எரியத் தொடங்கும் நேரத்தில் சாவியைத் திருப்பினால் செலவழித்தது அத்தனையும் போச்சு, கரி அப்படியே உள்ளே. அடுத்த தடவை முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை அரைகுறையாக நடந்தால் மூன்று ரீஜென் டீசல் செலவு, ஒரு ரீஜென் பலன் கூடக் கிடைக்காது.

இன்னொரு ஆபத்து. சிலிண்டருக்குள் பிந்தித் தெளிக்கும் வகை வண்டியில் அந்த டீசலில் கொஞ்சம் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். அரைகுறை ரீஜென் அதிகமானால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைந்தால் பயப்படும் நாம், கூடினால் "பரவாயில்லை, ஆயிலே குடிக்கல" என்று சந்தோஷப்படுகிறோம். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், பேரிங் போகும்.

ஐடிலில் நிற்கும் வண்டியில் புகைச் சூடு 100, 150 டிகிரிதான். டிஓசி டீசலை எரிக்கவே சுமார் 250 டிகிரி வேண்டும். சாம்பல் நடை வண்டிக்கு வாரத்தில் ஒரு நாளாவது லோடோடு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேர ஓட்டம் கொடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

—

ஆலைவாசல்:

நான் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு அடிக்கிறவன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நிறுத்தி ரீஜென் போடும்போது எங்கே நிறுத்துகிறோம் என்று பாருங்கள். சைலன்சர் வாயில் வரும் காற்று பல நூறு டிகிரி. கரும்புச் சோகை, வைக்கோல், காய்ந்த புல் மேல் நிறுத்தினால் வண்டியே போய்விடும். அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காயும், லைட் எரிகிறது என்று அதை ஒட்டி ஓரம் கட்டாதீர்கள். தார்ப்பாய் பின்னால் தொங்கினாலும் இழுத்துக் கட்டுங்கள்.

—

முதுநகர் டாரஸ்:

ஆலைவாசல் அண்ணே, நல்ல வேளை சொன்னீர்கள். சிப்காட்டில் ரசாயனக் கம்பெனி உள்ளே போனால் கேட்டிலேயே சொல்லிவிடுவார்கள், உள்ளே ரீஜென் போடக்கூடாது என்று. அங்கேதான் அந்த நிறுத்தும் ஸ்விட்ச் உண்மையிலேயே வேண்டும். வெளியே வந்ததும் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும், அதுதான் விஷயம்.

பட்டறை அண்ணே கேட்டதற்குப் பதில். ஏர் ஃபில்டர் சமீபத்தில் மாற்றியது. கடைசி ஆயில் சர்வீஸ் வெளியூரில் அவசரத்துக்குச் செய்தது, பில்லில் சிஐ4 பிளஸ் என்று இருக்கிறது. இழுவை கொஞ்சம் குறைவுதான். மரக்காணம் வழியில் தெரியாது. மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கிறது. டர்போ பக்கம் 'உஸ்' என்று ஒரு சத்தமும் டிரைவர் சொல்கிறார்.

—

சேதராப்பட்டு பட்டறை:

அந்த 'உஸ்' சத்தத்தை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் அண்ணே!

காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கும் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், இன்டர்கூலருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் இருக்கிறது. அதில் விரிசல் விட்டாலோ கிளாம்ப் தளர்ந்தாலோ டர்போ அழுத்திய காற்று வெளியே போய்விடும். டீசல் போகிறது, அதை முழுதாக எரிக்கக் காற்று இல்லை. அப்போது என்ன ஆகும்? இழுவை குறையும், டிரைவர் இன்னும் மிதிப்பார், டீசல் கூடும், கரி கொட்டும். பிஎஸ்4 வண்டியாக இருந்தால் பின்னால் கறுப்புப் புகை வரும், ரோட்டில் போகிறவனே சொல்லிவிடுவான். பிஎஸ்6-ல் அந்தப் புகையை ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் ரீஜென் லைட்தான். கணக்குப்பிள்ளை சார் கேட்ட 124 லிட்டருக்கு இது பதிலாக இருக்கலாம்.

ஹோஸை வெறும் கண்ணால் பார்த்தால் போதாது. கம்ப்ரஸர் காற்றை அளவாகக் கொடுத்து சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கிளாம்புக்கு அடியிலும், ஹோஸின் அடிப்பக்கத்திலும்தான் பெரும்பாலும் விரிசல் இருக்கும்.

அப்புறம் அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு சின்னக் குழாய். அதில் ஓட்டை விழுந்தாலோ கரி அடைத்தாலோ சென்சார் தப்பாகப் படிக்கும். ஃபில்டர் காலியாக இருந்தாலும் நிரம்பிவிட்டது என்று சொல்லும், அல்லது நிரம்பியதைச் சொல்லாமல் விட்டுவிடும். சுலபமான சோதனை: இன்ஜின் அணைந்த நிலையில் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பாருங்கள். வித்தியாசம் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சாரையோ வயரிங்கையோ பாருங்கள், ஃபில்டரைக் கழற்றாதீர்கள்.

புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வ் திறந்தபடி சிக்கியிருந்தாலும் இதே கதைதான். இன்ஜெக்டர் ஒழுகினாலும் அப்படித்தான். தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றுவிட்டால் இன்ஜின் சூடே ஏறாது, ரீஜென் தொடங்காமல் தள்ளிக்கொண்டே போகும். அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. இத்தனையும் பார்த்த பிறகுதான் ஃபில்டர்.

ஆயில் விஷயம் தனியாகச் சொல்கிறேன். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது டீசலிலிருந்து அதிகம் இல்லை, ஆயிலில் சேர்க்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் மாதிரிப் பொருட்களிலிருந்து. எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயில் எரிக்கும். அந்தச் சாம்பல் ஃபில்டரின் கடைசி முனையில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ரீஜென் நூறு போட்டாலும் போகாது. சாம்பல் இடத்தைப் பிடித்துக்கொண்டால் கரிக்கு இடம் குறையும், சீக்கிரம் நிரம்பும், ரீஜென் நெருங்கி நெருங்கி வரும். பிஎஸ்6-க்கு சிகே4 மாதிரிச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்பது அதனால்தான். அதில் சல்ஃபேட்டட் ஆஷ், அதாவது ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல், 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சிஐ4 பிளஸுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு தடவை போட்டதால் ஃபில்டர் செத்துவிடாது. ஆனால் அதையே தொடராதீர்கள், வண்டி புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள்.

—

பழைய வண்டி பிரியர்:

இவ்வளவு பார்ப்பதற்குப் பதிலாக அந்த டப்பாவை வெட்டி எறிவது சுலபம் என்று அந்தப் பட்டறைக்காரன் சொன்னதில் என்ன தப்பு? ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது.

—

கணக்குப்பிள்ளை:

பாதி வண்டி என்று யார் எண்ணியது?

சட்டத்தைச் சொல்கிறேன், விருப்பம் உங்களுடையது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை விதியை மீறி ஓட்டினால் 190(2)-ல் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. வாரண்டி, வண்டியை விற்கும்போது விலை எல்லாம் வேறு கணக்கு.

சட்டத்தை ஓரமாக வைத்தாலும் லாபக் கணக்கு இடிக்கிறது. நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு 600 கிலோமீட்டருக்கு ஒரு ரீஜென், 2 லிட்டர். 4 மைலேஜில் 600 கிலோமீட்டருக்கு 150 லிட்டர். அதோடு 2 லிட்டர். ஒன்றேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஃபில்டரை வெட்டுவதால் அதிகபட்சம் மிச்சமாவது அதுவும், அடைப்பால் வரும் பின்னழுத்தத்தில் போகும் கொஞ்சமும்தான். புரோகிராம் மாற்றுகிறேன் என்று அவன் இன்ஜெக்ஷன் டைமிங்கில் கை வைத்து மைலேஜ் கூட்டிக் காட்டலாம். அது அவன் வேறு செய்த வேலை, ஃபில்டர் போனதால் வந்தது இல்லை.

—

ஆலைவாசல்:

அந்தக் கரி மூக்குக்குத்தானே போகும். ஆலை வரிசையில் வண்டிக்குப் பின்னால் வண்டி நிற்கும்போது, முன் வண்டிக்காரன் ஃபில்டரை வெட்டியிருந்தால் கேபினில் தூங்குகிற எனக்குப் பிரியமா இருக்காது.

—

மேட்டுப்பாளையம் ஸ்டாண்ட்:

டெர்மினலில் ஒருத்தர் ஃபில்டரைக் கழற்றி வாட்டர் சர்வீஸ் பம்பில் அடித்துக் கழுவித் தருகிறார். விலை கம்மி. அது சரியா?

—

சேதராப்பட்டு பட்டறை:

நான் செய்ய மாட்டேன். சாம்பலில் தண்ணீர் பட்டால் சேறாகி முனையில் போய் உட்காரும், காய்ந்ததும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். பிரஷர் பம்பை நேராக அடித்தால் பீங்கான் சுவர் பெயரும், மேலே பூசியிருக்கும் பூச்சும் போகும். அதற்கென்றே உள்ள கருவியில் தண்ணீர் முறையில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு. பைக் கழுவும் பம்ப் வேறு.

முறையான வேலை என்றால் முதலில் ஃபில்டரை எடை போட வேண்டும். பிறகு புகை வெளியேறும் பக்கத்திலிருந்து காற்றை எதிர்த் திசையில் செலுத்திச் சாம்பலைத் தள்ள வேண்டும். கரி இறுகியிருந்தால் சூளையில் மெதுவாகச் சூடேற்றி எரித்துவிட்டு மறுபடி காற்று. கடைசியில் இன்னொரு எடை. முன்னும் பின்னும் எடை எழுதிக் கொடுக்காதவரிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு திருட்டு வேலையும் நடக்கிறது. கழற்றாமலேயே ஸ்கேனரில் கரிக் கணக்கைப் பூஜ்யமாக்கி, "கிளீன் பண்ணிட்டேன்" என்று காசு வாங்குவது. லைட் அணைந்துவிடும். உள்ளே கரி அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் காலி என்று நம்பி இன்னும் ஓடவிடும். அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரு நாள் ஒரேயடியாகப் பற்றினால் பீங்கான் உருகி ஓட்டை விழும். சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள், நல்ல ஃபில்டர் உள்ள வண்டியில் கை கறுக்காது. கறுத்தால் உள்ளே உடைந்திருக்கிறது. வண்டி ஆறியபின் விடுங்கள், அதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

—

நெய்வேலி சாம்பல் வண்டி:

டீசல் கலப்படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் பக்கம் கேனில் வரும் 'ஆயில்' ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

—

பாலிடெக்னிக் ஆட்டோ பிரிவு:

பிஎஸ்4 டீசலில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை இருக்கலாம் என்று இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ்6 டீசலில் 10 பிபிஎம்தான். இந்தக் குறைந்த கந்தகத்தை நம்பித்தான் டிஓசியையே வடிவமைத்திருக்கிறார்கள். கேன் ஆயிலில் கந்தகம் எவ்வளவு என்று ஊற்றுகிறவருக்கே தெரியாது. கந்தகம் ஏறினால் டிஓசி மந்தமாகும். சத்தமில்லாமல் நடக்கும் முதல் வகை எரிப்பு நின்றுபோகும், எல்லாச் சுமையும் டீசல் ஊற்றி எரிக்கும் இரண்டாவது வகை மேல் விழும். லிட்டருக்கு மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

—

முதுநகர் டாரஸ்:

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வண்டி பட்டறையில் இருந்தது.

இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் அடியில் விரல் நீளத்துக்குக் கிழிசல். ஐடிலில் மூடியே இருக்கிறது, அழுத்தம் ஏறினால்தான் திறக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்ததும் நுரை தள்ளியது. ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றினோம். சென்சார் பூஜ்யம் சரியாகக் காட்டியது. ஆயிலை இறக்கிவிட்டு சிகே4 போட்டோம். மூன்று லட்சம் கடந்துவிட்டதால் ஃபில்டரையும் கழற்றிக் காற்று முறையில் சாம்பல் எடுத்தோம், எடைச் சீட்டு கொடுத்தார்கள். புது ஃபில்டர் விலையோடு பார்த்தால் ரொம்பக் குறைவுதான்.

இப்போது மணலி நடையில் போகும்போது ரீஜென் வருவதில்லை. திரும்பி வந்து புதுச்சேரி இந்திரா காந்தி சிலை நெரிசலில் ஊர்ந்து முடித்தபிறகு சில நேரம் வருகிறது. மேம்பாலத்தில் கியர் குறைக்க வேண்டியதில்லை. ஒரே பங்கில் நிரப்பிக் கூட்டிப் பார்த்ததில் மைலேஜ் 4.0, 4.1. பழைய 4.2 இன்னும் வரவில்லை. டிரிப் ஷீட்டில் கணக்குப்பிள்ளை சார் சொன்ன கட்டம் போட்டாயிற்று. டிரைவர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது அவரே எழுதிவிட்டு வந்து காட்டுகிறார்.

—

கணக்குப்பிள்ளை:

அந்த 0.1-ஐத் துரத்தாதீர்கள். டயர் தேய்மானம், லோடு எடை, ரோடு வேலை நடக்கும் இடத்தில் நின்ற நேரம், எல்லாம் சேர்ந்தாலே அவ்வளவு ஆடும். இடைவெளி எண் இறங்கத் தொடங்கினால் மட்டும் வந்து சொல்லுங்கள்.

—

சேதராப்பட்டு பட்டறை:

அண்ணே, ஒரு சந்தேகம். சாம்பல் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் சாம்பல் கணக்கை மாற்றினார்களா? கரிக் கணக்கு வேறு, சாம்பல் கணக்கு வேறு. உண்மையில் சுத்தம் செய்த பிறகு அதை மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் மூன்று லட்சம் கிலோமீட்டர் சாம்பல் இன்னும் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டு தேவைக்கு முன்பே ரீஜென் போடும்.

—

முதுநகர் டாரஸ்:

கேட்கவில்லை அண்ணே. நாளைக்கு லோடு ஏற்றப் போகும் முன் வண்டியை அங்கே விட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

—

நெய்வேலி சாம்பல் வண்டி:

எங்கள் ஓனருக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நடை சேலம் லோடு பார்க்கிறேன் என்கிறார். சூப்பர்வைசருக்கும் யாராவது படித்துக் காட்டினால் தேவலை.